ஏழு கதிரையும் ஒரு நெஸ்ரமோல்ட் ரின்னும்: மாதிரி ஜூரி விசாரணைக்குப் போய் வந்த கதை

3000 ரூபா கட்டினேன். மத்தியானச் சாப்பாடு, இரண்டு தரம் தேத்தண்ணி, 12 பக்கப் போட்டோக்கொப்பி எல்லாம் அதற்குள் அடக்கம். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலே முக்காலுக்கு விட்டார்கள். அடுத்த முறை போவமா விடுவமா என்று யோசிக்கிற ஆக்களுக்காக எழுதுகிறேன்.

கந்தர்மடப் பக்கம், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு வகுப்பு. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிற பெடியள் இப்போதுதான் தலையெடுக்கிறார்கள். இடைக்கிடை சனிக்கிழமைகளில் ஒரு மாதிரி வழக்கு வைப்பார்கள். இந்த முறை ஜூரி விசாரணை, அதாவது பொதுசனத்தில் இருந்து எடுத்த ஆக்கள் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுகிற முறை. ஜூரிக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை மட்டும் இருத்தினால் அது வகுப்பு மாதிரியே போய்விடும் என்று பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். என் மகள் அங்கே படிக்கிறாள். "வீட்டில இருந்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுறியள்தானே அப்பா, ஒருக்கா வந்து அங்க சொல்லுங்கோ" என்றாள். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் வேலை பார்த்து கிளை முகாமையாளராக ஓய்வு பெற்றவன். காசு கொடுத்தால் நிறை பார்க்காமல் விடமாட்டேன்.

மண்டபம் மேல்மாடியில். ஆசிரியர் மேசைக்குப் பச்சைத் துணி விரித்து நீதிபதியின் ஆசனம். யாரோ வீட்டுத் திண்ணைக் கிராதியைக் கழற்றிக் கொண்டுவந்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிற்கிற கூண்டு. இடப்பக்கம் ஏழு பிளாஸ்ரிக் கதிரை. மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சுற்றும்போது போடுகிற சத்தத்தில் சாட்சி சொல்வது கேட்காது, நிறுத்தினால் வேர்வை. பதினொரு மணிக்கு மேல் நிறுத்தித்தான் நடத்தினார்கள்.

நீதிபதியாக இருந்தவர் குற்றவியல் வழக்குகளிலேயே தலை நரைத்த ஒரு மூத்த சட்டத்தரணி. வந்தவுடன் ஒரு கேள்வி: "எங்கட நாட்டில ஜூரியில எத்தனை பேர்?" பாதி மண்டபம் பன்னிரண்டு என்றது. நானும்தான். படம் பார்த்துப் பழகின எண்ணிக்கை. இங்கே ஏழு. ஏழு பேரும் ஒரே மனதாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் குறைந்தது ஐந்துக்கு இரண்டு. நாலுக்கு மூன்று என்றால் அது தீர்ப்பே இல்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிற விதி இது. அதைவிட எனக்குப் புதினமாக இருந்தது, ஜூரி வேண்டுமா வேண்டாமா என்பது எதிரியின் கையில் இருப்பது. கொலை போன்ற பாரதூரமான குற்றச்சாட்டில் மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பத்திரிகை வந்தபிறகு எதிரி கேட்டால்தான் ஜூரி. கேட்காவிட்டால் நீதிபதி தனியே விளங்குவார். சிங்களம் பேசும் ஜூரியா, தமிழா, ஆங்கிலமா என்று தெரிவு செய்வதும் எதிரிதான். இதைச் சொல்லும்போது அவர் குரலை மாற்றவில்லை. ஆனால் பின்னேரம் இதே இடத்துக்குத்தான் எல்லாரும் திரும்பி வந்தோம்.

ஜூரி தெரிவு நன்றாக இருந்தது. வந்திருந்த பெரியவர்கள், வேறு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் துண்டில் எழுதி ஒரு நெஸ்ரமோல்ட் ரின்னுக்குள் போட்டுக் குலுக்கினார்கள். உண்மையான நீதிமன்றத்திலும் பெயர்ப் பட்டியலில் இருந்து குலுக்கித்தான் எடுப்பார்கள். பெயர் வந்த ஒருவர் ஓய்வு பெற்ற பொலிஸ்காரர். எதிரி தரப்புப் பிள்ளை எழும்பி ஆட்சேபித்தது, அவர் சிரித்துக்கொண்டே போய்ப் பின்னால் இருந்தார். அரச தரப்புப் பெடியன் எதிரியாக நடித்தவனின் பெரியம்மாவை ஆட்சேபித்தான். நாலாவதாக என் பெயர். இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைச் சேட்டு, கண்ணாடி, சங்கத்து மனுசன் என்று தெரிந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அமெரிக்கப் படங்களில் வருவது போல ஜூரரைக் குடைந்து குடைந்து கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சைவ ஆக்கள் உறுதிமொழி சொன்னோம், இரண்டு கத்தோலிக்கர் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். பிறகு எங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரியச் சொன்னார்கள். வயதைப் பார்த்து என்னைப் போட்டார்கள். கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்திலும் இப்படித்தான் நடக்கும்.

வழக்கு, யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் எவனுக்கும் வயிறு எரிகிற வழக்கு. பங்குக் கிணறு. இறைப்பு முறை, அதாவது யார் எப்போது தண்ணி இறைப்பது என்பது பற்றி ஒன்றுவிட்ட சகோதரர் இரண்டு பேருக்குள் வாய்த்தர்க்கம். ஒருவர் மண்வெட்டியால் அடித்தார், மற்றவர் அன்றிரவே ஆசுபத்திரியில் செத்துப் போனார். தண்டனைச் சட்டக்கோவையின் 296 ஆம் பிரிவின் கீழ் கொலைக் குற்றச்சாட்டு. எதிரி "சுற்றவாளி", அதாவது குற்றமற்றவன், என்றான். அவன் கத்தியோடு என்னிடம் வந்தான், உயிருக்குப் பயந்து அடித்தேன் என்பது எதிரியின் கதை.

இறந்தவரின் மனைவியாக நடித்த பிள்ளை உண்மையாகவே அழுதது. குறுக்கு விசாரணை செய்த பெடியன் அந்த அழுகையில் தடுமாறி எழுதி வைத்த கேள்வியில் பாதியை விட்டுவிட்டான். சட்ட வைத்திய அதிகாரியாக ஒரு மருத்துவபீட மாணவன் வந்தான். அன்று நடித்தவர்களுக்குள் அவனுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். காயம் ஒன்றே ஒன்று, தலையின் பின்பக்கம், மண்டையோடு வெடித்திருந்தது. தன் தலையிலேயே கைவைத்துக் காட்டினான். ஏழு பேரும் எங்களை அறியாமல் பிடரியைத் தடவிப் பார்த்தோம்.

நடுவில் ஒரு கட்டத்தில் அரச தரப்பு பொலிஸ் சாட்சியைக் கூப்பிட்டது. எதிரி தரப்பு எழும்பி ஏதோ சொன்னது. உடனே நீதிபதி ஜூரியை வெளியே போகச் சொன்னார். மாடிப்படியில் இருந்து கடலை கொறித்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. திரும்பிப் போனால் ஒன்றும் நடக்காதது போல அடுத்த சாட்சி. காசு கட்டி வந்தவனை வாசலில் இருத்திவிட்டார்கள் என்று எனக்குச் சரியான கோபம், பிளேன்ரீ வேறு அந்த நேரம் பார்த்து ஆறிப்போய் வந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்: எதிரி பொலிசுக்குக் கொடுத்ததாக ஒரு வாக்குமூலம் இருந்ததாம், "அவன் சாகவேணும் எண்டுதான் அடிச்சனான்" என்று. பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்கென்றால் நிலைமை வேறு; அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் சொன்னது உள்ளே வரும். அந்த வேறுபாட்டால் எத்தனை எங்கள் பெடியளின் வாழ்க்கை போனது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதுவோ சாதாரணக் கொலை வழக்கு. ஏற்கலாமா விடலாமா என்ற வாதமே ஜூரியின் காதில் விழக்கூடாது என்பதால்தான் எங்களைப் படியில் இருத்தினார்கள். அந்த ஒரு வசனத்தைக் கேட்டிருந்தால் நாங்கள் அறைக்குள் போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்போம். இப்போது யோசித்தால் அந்த 3000 ரூபாவில் பெரும்பங்கு படிக்கட்டில் இருந்த இருபது நிமிடத்துக்குத்தான் போகும்.

எதிரி சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. எதிரிக் கூண்டில் நின்றபடியே சத்தியம் இல்லாமல் ஒரு கூற்றுச் சொன்னான். நம் நாட்டில் அதற்கு இடம் இருக்கிறது, அதில் குறுக்கு விசாரணையும் கிடையாது. பேசாமலே இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

சாப்பாடு: சோறு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, அப்பளம், மிளகாய்ப் பொரியல். குறை சொல்ல ஒன்றுமில்லை. மோர் மட்டும் பத்துப் பேரோடு முடிந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே மூத்த சட்டத்தரணி பழைய கதைகள் சொன்னார், அதற்கே தனியாகக் காசு வாங்கலாம். ஜூரி இங்கே வந்தது 1811 இல், பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால். அந்தக் காலத்தில் 13 பேர். பிறகு கிரிக்கெற் வீரர் சதாசிவத்தின் வழக்கு. 1951 இல் மனைவி கொலை செய்யப்பட, அவர்மேல் குற்றச்சாட்டு. 57 நாள் விசாரணை. கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். எடின்பரோவில் இருந்து சட்ட வைத்திய நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தைத் தருவித்து, மரணம் நடந்த நேரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். 1953 ஜூனில் ஜூரி அவரை விடுதலை செய்தது. எங்கள் அப்பா பேப்பர் வாசித்துச் சொல்லுவார், சதாசிவம் துடுப்பெடுத்தாடினதைவிட அந்த வழக்கைத்தான் அவர் கூடுதலாகச் சொன்னவர். இந்தியாவில் ஜூரி முறையையே கைவிட்டுவிட்டார்கள் என்றும் சட்டத்தரணி சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா, "பின்ன ஏன் நாங்கள் வைச்சிருக்கிறம்?" என்று கேட்டார். அவர் மோரைக் குடித்துவிட்டு, "எதிரி கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

சாவகச்சேரி ஆசிரியர் ஒருவர் ரவிராஜின் வழக்கை எடுத்தார். எடுக்காவிட்டால் நான் எடுத்திருப்பேன். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருடத்துக்குப் பிறகு வழக்கு விளங்கப்பட்டபோது எதிரிகள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டார்கள். குடும்பத்தார் தரப்பு ஆட்சேபித்தும் ஜூரியோடுதான் நடந்தது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டி, எதிரிகள் ஐந்து பேரும் விடுதலை. அதே வருடம் ஜூலையில், 1996 இல் தமிழ்ச் சனம் கொல்லப்பட்ட குமாரபுரம் படுகொலை வழக்கிலும் அனுராதபுரத்தில் ஜூரி இராணுவத்தினர் ஆறு பேரை விடுவித்தது. இதற்கு அடுத்த வருடம், 2017 இல், யாழ்ப்பாணத்தில் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு நடந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் முறையில், ஜூரி இல்லாமல். மண்டபத்தில் சத்தம் இல்லை. சட்டத்தரணி ஒன்றைத்தான் சொன்னார்: எந்த மொழி ஜூரி என்று தெரிவு செய்கிற உரிமை, எதிரிக்குப் புரியாத மொழியில் அவனை விளங்கக் கூடாது என்பதற்காக வந்தது, செத்தவரின் பக்கத்து ஆக்களின் மொழி என்ன என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. மழுப்பவும் இல்லை, மேடைப் பேச்சும் பேசவில்லை. இந்த நிதானத்துக்காகவே இவர் நடத்தினால் நான் திரும்பவும் போவேன்.

பின்னேரம் இரண்டு பக்கத் தொகுப்புரை. அதற்குப் பிறகு நீதிபதி எங்களைப் பார்த்து நாற்பது நிமிடம் பேசினார். சட்டம் என்ன என்று சொல்வது அவர், என்ன நடந்தது என்று முடிவெடுப்பது நாங்கள். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரச தரப்பின் பாரம். இது எனக்கு முதலில் ஏறவில்லை. சங்கக் கடையில் இருப்பில் அரை மூடை சீனி குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவன் முகாமையாளர், கணக்காய்வாளர் வாயே திறக்கத் தேவையில்லை. நீதிமன்றம் அதற்கு நேர் எதிர். ஆனால் தற்காப்பு என்று எதிரி சொன்னால் அதைக் காட்டுவது அவன் பொறுப்பு என்றார் நீதிபதி. அரச தரப்புக்கு வைத்த அளவுகோல் அவனுக்கு இல்லை. அப்படி நடந்திருக்கத்தான் சாத்தியம் கூட என்று எங்களுக்குப் பட்டால் போதும். தற்காப்பு இல்லை என்று முடிவெடுத்தால் அடுத்த கேள்வி, இது கொலையா, கைமோசக் கொலையா. பாரதூரமான, சடுதியான கோபமூட்டல் இருந்தாலோ, முன்யோசனை இல்லாமல் திடீர்ச் சண்டையில் நடந்தாலோ கொலை கைமோசக் கொலையாக இறங்கும். இவ்வளவையும் பதமாக, உதாரணங்களோடு சொன்னார். ஆனால் கையில் ஒரு கடதாசியும் தரவில்லை. அந்த 12 பக்கத்தில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக முதல் மூன்று பக்கமும் வகுப்பின் விளம்பரம்.

பிறகு எங்களை ஒரு அறைக்குள் விட்டார்கள். கடந்தகால வினாத்தாள் அடுக்கி வைத்திருக்கிற களஞ்சியம், ஜன்னல் ஒன்று. நேரம் 25 நிமிடம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் பதினொரு வருடம் எல்லை வழக்கு ஓடியது. ஒவ்வொரு மாரிக்கும் வேலிக் கதியாலை நாலு விரற்கடை எங்கள் பக்கம் தள்ளி நடுவார். கேட்டால் மழைக்குச் சரிந்தது என்பார். நில அளவையாளர் வந்து, தவணை தவணையாகப் போய், கடைசியில் சமாதானமாக முடிந்தது. முடிந்தது கடதாசியில்தான். செத்துப் போனவன் கிணத்தடியில் ஒன்றுவிட்ட சகோதரனோடு சண்டை பிடித்தான் என்று கேட்ட உடனேயே எனக்கு அவனில் பக்கத்து வளவுக்காரரின் முகம் தெரிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே மீசை, இடுப்பில் சாரம் மடித்துக் கட்டு.

முதல் சுற்றில் கை தூக்கச் சொன்னேன். குற்றவாளி நாலு, சுற்றவாளி மூன்று. மூன்றில் ஒன்று நான். தலைவர் என்ற முறையில் விளக்கமும் சொன்னேன்: அடுத்தவன் வளவுக்குள் ஒவ்வொரு வருடமும் வேலியைத் தள்ளுகிறவன் கத்தியோடும் வருவான், அதை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அளவெட்டியில் இருந்து வந்த ஒரு பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கிறது, கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டது: "அங்கிள், அந்த வேலிக் கதை ஆர் சொன்னது?"

"ஏன், சாட்சியள்தான்."

"எந்தச் சாட்சி?"

அது ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் எழுதி வைத்திருந்தது. மனைவி: இறைப்பு முறை. தோட்டத்தில் நின்றவர்: இறைப்பு முறை. எதிரி: இறைப்பு முறை, கத்தி. காலையில் இருந்து அந்த மண்டபத்தில் வேலி என்ற சொல்லை ஒருவரும் சொல்லவே இல்லை. வேலி என் வளவில் இருந்து வந்தது.

எனக்கு முகம் சுட்டது. பிள்ளை அதைக் கவனிக்கவில்லை, அடுத்ததுக்குப் போய்விட்டது. கத்தியோடு முன்னால் வருகிறவனுக்குப் பின்மண்டையில் எப்படி அடி விழும்? திரும்பினான் என்றால் ஏன் திரும்பினான்? கத்தி எங்கே? அதைக் கண்ட ஒரு சாட்சி உண்டா? நான் கையை மாற்றினேன், ஐந்துக்கு இரண்டு ஆனது. பிறகு கொலையா கைமோசக் கொலையா என்று தொடங்கினால் இன்னும் எட்டு நிமிடம்தான் மிச்சம். வாய்த்தர்க்கம் தொடங்கி அடி விழும்வரை மூன்று நாலு நிமிடம், மண்வெட்டி தோட்ட வேலைக்குக் கையில் இருந்தது, அடியும் ஒன்றுதான். திடீர்ச் சண்டை என்று ஐந்து பேர் ஒத்துக்கொண்டோம். கோபமூட்டலை நான் வாயிலேயே எடுக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் ஏன் சுற்றவாளி என்றார்கள் என்று கேட்டு முடிக்கக்கூட நேரம் இல்லை, கதவைத் தட்டிவிட்டார்கள்.

இதுதான் என் பெரிய குறை. சாட்சிகளுக்கு நாலு மணித்தியாலம், அறைக்கு 25 நிமிடம் என்பது சோற்றை ஆக்கிவிட்டு சாப்பிட நேரம் கொடுக்காத வேலை. வரவேற்புரையும் மாலை போடுதலும் முக்கால் மணித்தியாலம் எடுத்தது, அதை வெட்டி இங்கே போட்டிருக்கலாம்.

பதிவாளராக இருந்த பிள்ளை கேட்க, நான் எழும்பி, கைமோசக் கொலைக் குற்றவாளி, ஐந்துக்கு இரண்டு என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, நடிப்பு என்று நினைத்திருப்பார்கள். ஜூரியின் தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் திரும்பப் போய் யோசித்து வரச் சொல்ல நீதிபதிக்கு இடமுண்டாம், இரண்டாவது தரம் சொல்வதுதான் தீர்ப்பு. எங்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. அந்த வாக்குமூலத்தை அப்போதுதான் வாசித்துக் காட்டினார். அளவெட்டிப் பிள்ளை கொப்பியை மூடி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டது.

போகிறவர்கள் கவனிக்க: மோட்டார் சைக்கிள் விட இடம் இருக்கிறது, கார் என்றால் ஒழுங்கைக்குள் சிரமம். ஒரு கொப்பி கொண்டுபோங்கள், அவர்கள் தருவதில் எழுத இடம் இல்லை. பின்வரிசைக்குக் காற்று வராது. நீதிபதியாக அந்த மூத்தவர்தான் வருகிறாரா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் எதிரி தரப்பிலோ அரச தரப்பிலோ பேசத்தான் அடிபடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெயரை ரின்னுக்குள் போடச் சொல்லுவேன்.

கடைசியில் கருத்துப் படிவம் தந்தார்கள். "நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை" என்ற இடத்தில் மூன்று கோடு. அறை நேரம், மோர் இரண்டும் முதல் இரண்டு கோட்டில் அடங்கின. மூன்றாவதில், ஜூரருக்குப் பெயர் எடுத்த உடனே வேலி வழக்கு ஏதும் உண்டா என்று கேட்கவும் என்று எழுதினேன். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.